முகப்பில் இல்லாத பக்கம்

கல்லூரி இணையதளத்தைத் திறந்தால் ட்ரோன் காட்சியும் சிரிக்கும் மாணவர்களும் 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' வாசகமும் வரவேற்கின்றன. நம் எண்ணைப் பதிந்துவிட்டால் வாட்ஸ்அப்பில் விடாமல் செய்தி வரும். ஒரு சீட்டை விற்க அவ்வளவு அக்கறை!

நாம் தேடுவது வேறு. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கும் பட்டியல் சாதி மாணவருக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. பல தளங்களில் கட்டணம்தான் இருக்கிறது, இந்தத் தகவல் இல்லை. அதைப் பார்த்துவிட்டு முதல் தலைமுறைப் பிள்ளையின் அம்மா தோட்டை அடகு வைக்கிறார்.

சாதிப் பாகுபாட்டைப் புகார் செய்ய இணையதளத்தில் தனிப் பக்கம் வேண்டும் என்று யுஜிசி பலமுறை சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. சம வாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் வேண்டும் என்கின்றன அதன் 2012 விதிகள். 2016இல் ரோஹித் வெமுலாவையும் 2019இல் பாயல் தட்வியையும் இழந்தோம். அந்த விதிகளை நடைமுறைப்படுத்தக் கோரித்தான் இருவரின் தாய்மார்களும் உச்ச நீதிமன்றம் போனார்கள்.

கேட்டால், "தளத்தை இன்னும் அப்டேட் செய்யவில்லை" என்பார்கள். கலைவிழா போஸ்டர் மட்டும் அன்றே ஏறிவிடுகிறதே, எப்படி?

தோழர்களே, இன்றே உங்கள் கல்லூரித் தளத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைத் தேடுங்கள். இல்லையென்றால் தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, முதல்வருக்கு எழுத்துபூர்வமாக மனு கொடுங்கள். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், சேர்ந்தே போவோம்.