ஓவியத்திற் குழந்தை

எங்கள் ஊராகிய செஞ்சி அரசர் புகழால் அறியப்படும் ஊர். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் குன்றுகள் மூன்றும், அவற்றைச் சூழ்ந்த மதிலும், 1714ஆம் ஆண்டிற் பொருது மடிந்த தேசிங்கின் கதையும் யாவரும் அறிந்தனவே. மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக இதனையும் யுனெஸ்கோ நிறுவனம் 2025ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களோடு சேர்த்தது. கோட்டையைப் படமாக்குவோர் பலர். அதன் அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் சிறாரைப் படமாக்குவோர் யார்? எளிய குழந்தை ஓவியத்திற்கு ஏற்ற பொருளாகுமோ என ஐயுறுவார்க்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் புலவர் இவ்வையத்தை என்றோ கடந்தனர். உண்ணும்போது உணவைச் சிந்தும் குழந்தையைப் புறநானூற்றிற் பாடிய பாண்டியன் அறிவுடைநம்பி, தானே ஓர் அரசன். ஓவியரோ நெடுங்காலம் தெய்வக் குழந்தையையே பெரிதும் தீட்டினர். காஞ்சிக் கைலாசநாதர் கோயிற் சுவரில் உமைக்கும் சிவனுக்கும் இடையே விளங்கும் கந்தன் அத்தகையன்; எங்கள் வீட்டுச் சுவரிலுள்ள இயேசு பாலகன் படமும் அத்தகையதே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டு ரெஜ்ஜோ எமீலியா நகரினரான கயெத்தானோ கியேரிச்சி (1838–1920), ஏழையர் அடுக்களைகளையும், ஆங்குக் கோழிகளிடையே விளையாடும் பிள்ளைகளையும் விரும்பித் தீட்டினார். நம் நாட்டில் இரவிவர்மா (1848–1906), 1893ஆம் ஆண்டில் ‘அதோ அப்பா வருகிறார்’ என்னும் படத்தை வரைந்தார். அதில் நிற்பவள் அவர்தம் மகள் மகாபிரபை. அவள் ஏந்தியிருப்பது அவள் குழந்தை. அருகே ஒரு நாய். வருகின்ற தந்தை மட்டும் படத்தினுள் இல்லை. மலையாள நாட்டு மருமக்கள்வழி முறையிற் பிள்ளைகள் தாய்வீட்டிற்கே உரியர். தந்தை வந்துபோகும் விருந்தினர் போல்வார். அம்முறை வாதத்திற்குள்ளாகிய காலத்தில் எழுந்த இப்படம், அவ்வாண்டிற் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு இரவிவர்மா விடுத்த பத்துப் படங்களுள் ஒன்று.

இவை கண்ணுக்கினிய வீட்டுக்காட்சிகளேயன்றி உயர்ந்த கலையாகா என்பாருளர். யான் அதற்கு உடன்படேன். போரும் அற்புதமும் இல்லாத ஒரு படத்தில், காணப்படாத ஒருவரின் வரவு முழு இடத்தையும் நிரப்புகின்றதெனின், அது சிறு தொழில் அன்று. எனினும் ஒரு குறையுண்டு. கியேரிச்சியின் அடுக்களையில் வறுமையும் சிரித்துக்கொண்டேயிருக்கின்றது. இரவிவர்மா வரைந்ததோ செல்வர் மனைக் குழந்தை. எஞ்சிய பணி நம்முடையது.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாலைப்பொழுது, திருவண்ணாமலைச் சாலையோரம் தம்பியை இடுப்பிற் சுமந்த சிறுமி ஒருத்தி நின்றாள். கரும்பு வெட்டச் சென்ற தந்தை அன்று வருவார் என்றாள். பேருந்துகள் மூன்று வந்து சென்றன, அவர் இறங்கவில்லை. தம்பியை மறுபக்க இடுப்பிற்கு மாற்றிக்கொண்டு அவள் அங்கேயே நின்றாள். இரவிவர்மாவின் படத்தில் தந்தை ஏன் இல்லை என்பது எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

நம் கல்லூரியில் தூரிகை பிடிக்கும் நண்பர் சிலர் உளர். அவர்கள் கோட்டையை வரைக. அதன் அடியில் நிற்கும் அச்சிறுமியையும் வரைக. இரக்கங் கருதியன்று, அரசனை எத்துணை உற்றுநோக்கி வரைவரோ, அத்துணை உற்றுநோக்கி அவளையும் வரைக.