சிறு தொகையில் தொடங்கும் போக்கர்: 'பேங்க்ரோல்' கணக்கின் மறுபக்கம்

இணையப் போக்கரை இளைஞர்களிடம் கொண்டு சேர்ப்பவர்கள் அதைச் சூதாட்டம் என்று சொல்வதில்லை. முதலீடு, ஒழுங்கு, பொறுமை என்றே பேசுகிறார்கள். மிகச் சிறிய பந்தய மேசையில் தொடங்க வேண்டும். கையிருப்பில் சிறு பகுதியை மட்டுமே ஒரு மேசையில் வைக்க வேண்டும். தொகை கூடினால் அடுத்த மேசைக்கு ஏறலாம், குறைந்தால் கீழே இறங்கிவிட வேண்டும். ஆட்டத்துக்கென்றே ஒதுக்கி வைக்கும் இந்தக் கையிருப்புக்கு 'பேங்க்ரோல்' என்று பெயர்.

2025-ல் மத்திய அரசு சட்டம் கொண்டு வந்த பிறகு உள்நாட்டின் பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்திவிட்டன. ஆனால் இந்தப் பேச்சு நிற்கவில்லை. கேட்பதற்குச் சிறு கடை வைத்து முன்னேறியவரின் கதை போலவே இருப்பதால், கல்லூரி செல்லும் பிள்ளை இதைச் சொன்னால் பெற்றோருக்குப் பதில் தெரிவதில்லை. எனவே மார்க்கத் தீர்ப்புக்கு முன் இதைக் கணக்காகவே பார்ப்போம்.

சாம்பியனின் சோதனை

இந்த முறைக்கு ஆதாரமாகக் காட்டப்படுபவர் அமெரிக்கரான கிறிஸ் ஃபெர்குசன். கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 2000-ல் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் பட்டத்தை வென்றவர். 2006-ல் ஃபுல் டில்ட் போக்கர் தளத்தில் ஒரு காசும் போடாமல் இலவசப் போட்டிகளில் தொடங்கி, 10,000 டாலர் சேர்த்துக் காட்டினார். கையிருப்பில் 5 சதவீதத்துக்கு மேல் ஒரு மேசைக்குக் கொண்டு செல்வதில்லை என்பது அவர் வகுத்த விதி.

கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். உலக சாம்பியனுக்கே அந்தத் தொகையை எட்ட ஓராண்டுக்கும் மேல் ஆனது என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அந்தத் தளத்தின் கதியையும் சொல்வதில்லை. 2011-ல் அமெரிக்க நீதித்துறை அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. விளையாடியவர்களுக்குத் தர வேண்டிய தொகை சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்ததோ சுமார் 6 கோடி டாலர்தான் என்றது அரசுத் தரப்பு. குற்றம் சாட்டப்பட்ட இயக்குநர்களில் ஃபெர்குசனும் ஒருவர். தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 2013-ல் அவர் சமரசம் செய்துகொண்டார். அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்பத் தொடங்கியது 2014-ல்தான். சென்ட் சென்டாக விதிப்படி சேர்த்தவர்களின் பணமும் அதில் சிக்கிக் கிடந்தது.

மேசையில் பணம் பெருகுவதில்லை

ஆறு பேர் தலா 100 ரூபாயுடன் அமர்வதாக வைத்துக்கொள்வோம். மேசையில் 600 ரூபாய். ஒவ்வொரு ஆட்டத்திலும் சேரும் பந்தயத் தொகையில் தளம் 5 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. மொத்தம் 4,000 ரூபாய் பந்தயமாகச் சுற்றி வந்தால் 200 ரூபாய் தளத்துக்குப் போய்விடும். ஆறு பேரிடமும் சேர்த்து மிஞ்சுவது 400 ரூபாய். ஒருவர் 200 ரூபாயுடன் எழுந்தால் மற்ற ஐவருக்கும் சேர்த்து மீதி 200தான்.

கடைக்காரர் பத்து ரூபாய் லாபம் பார்க்கும்போது வாங்கியவர் கையில் ஒரு பொருள் இருக்கிறது. போக்கரில் தோற்றவர் கையில் எதுவும் இல்லை. பேங்க்ரோல் விதி ஒருவர் விரைவில் ஓட்டாண்டியாவதைத் தள்ளிப்போடலாம். தோற்கிறவரை வெல்ல வைக்காது. எல்லோரும் விதியைப் பின்பற்றினாலும் மொத்தப் பணம் குறைந்துகொண்டேதான் போகும்.

திறமை இருந்தால் ஆகுமா?

"இது திறமை ஆட்டம் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டதே" என்பது பிள்ளைகளின் அடுத்த வாதம். தமிழ்நாட்டின் தடைச் சட்டத்தை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பொதுவாக ஏற்றாலும், ரம்மி, போக்கர் மீதான தடையைத் திறமையைக் காட்டியே நீக்கியது உண்மை. ஆனால் 2025-ன் மத்தியச் சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாட்டையே விட்டுவிட்டது. பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய ஆட்டம் எதுவானாலும் அதை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளையாடுபவருக்குத் தண்டனை இல்லை.

நமது ஃபிக்ஹு நூல்களும் பந்தயத்தையே பார்க்கின்றன. சதுரங்கத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. ஆயினும் இருவரும் பணம் வைத்து ஆடினால் அது சூது என்பதில் நான்கு மத்ஹபுகளுக்கும் கருத்து வேறுபாடில்லை. தொகை சிறிதா பெரிதா என்பதும் தீர்ப்பை மாற்றாது. சூது பகைமையை உண்டாக்கும், தொழுகையை விட்டும் தடுக்கும் என்று அல்மாயிதா அத்தியாயம் சொல்லும் காரணங்கள் பத்து ரூபாய் மேசைக்கும் பொருந்துபவைதான்.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

உள்நாட்டில் கதவு அடைபட்டதும் வெளிநாட்டுத் தளங்கள் விபிஎன், கிரிப்டோ வழியாக அழைக்கின்றன. அங்கே பணம் முடங்கினால் எந்தக் காவல் நிலையத்தில் முறையிடுவது? ஃபுல் டில்ட் விவகாரத்தில் ஓர் அரசு தலையிட்டும் பணம் திரும்பப் பல ஆண்டுகள் ஆயின.

பிள்ளை இதில் இறங்கியிருப்பது தெரிந்தால் அடித்து, அவமானப்படுத்தி, மறைக்கப் பழக்கிவிட வேண்டாம். மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதுவரை போட்டது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு, கடன் எவ்வளவு? தாளில் எழுதச் சொல்லுங்கள். பல பிள்ளைகளுக்கு அந்தத் தாளே போதும். கடன் செயலிகளில் வாங்கியிருந்தால் முதலில் அதை அடைக்க வழி பாருங்கள். ஆட்டத்தில் விட்டதை ஆடியே மீட்க மட்டும் விடாதீர்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரில் கடனாளிகளும் உண்டு. பாவத்தால் கடன்பட்டவர் தவ்பா செய்து திருந்திவிட்டால் அவருக்கும் கொடுக்கலாம் என்று இமாம்கள் பலர் கூறியுள்ளனர். மஹல்லா பைத்துல்மால் இப்படிப்பட்ட இளைஞர்களுக்குக் கதவைத் திறந்து வைத்தால், வட்டிக்கடைக்குப் போகுமுன் அவர்கள் நம்மிடம் வருவார்கள், இன்ஷா அல்லாஹ்.