லேப் டெக்னீஷியன் படிப்பு: பணம் கட்டும் முன் கேளுங்கள்

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்கும் கொஞ்சம் மரியாதை கூடிவிடுகிறது. "சார், பேத்தி பயாலஜி குரூப். நீட்டில் மார்க் போதவில்லை. லேப் டெக்னீஷியனுக்குப் படிக்க வைக்கலாமா?" என்று கேட்டு வருகிறார்கள். டாக்டர் சீட் கிடைக்காததால் இது என்ற சோர்வு கேட்கும் குரலிலேயே தெரிகிறது. அந்தச் சோர்வு தேவையில்லை என்பது என் கருத்து.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பஸ்தேர் பெயரைச் சொல்லாமல் எங்களுக்கு அறிவியல் வகுப்பே நடக்காது. அவர் டாக்டர் இல்லை, வேதியியல் படித்தவர். மருத்துவத்தின் போக்கையே மாற்றிய அந்த மனிதர் நின்ற இடம் சோதனைக்கூடம்தான்.

நம் வயதில் சில மாதங்களுக்கு ஒருமுறை ஊசிக்குக் கையை நீட்டுகிறோம். வருகிற எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டுகிறார், குறைக்கிறார். எல்லாம் மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். ஆனால் தவறுகளில் பெரும்பாலானவை ரத்தம் மெஷினுக்குள் போகும் முன்பே நடந்துவிடுகின்றன.

குழாய்களின் மூடி ஏன் பல நிறத்தில் இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? சர்க்கரைக்குச் சாம்பல் நிறம். அதில் ஃபுளோரைடு இருக்கும். அது இல்லாத குழாயில் ரத்தத்தை அப்படியே வைத்திருந்தால், ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். ரத்த அணுக்களை எண்ணுவதற்கு ஊதா மூடி. அந்தக் குழாயில் உள்ள மருந்து, அடுத்த குழாயில் துளி கலந்தாலும் பொட்டாசியம் கூடியதாகவும் கால்சியம் குறைந்ததாகவும் பொய்க்கணக்கு வரும். அதனால் எந்தக் குழாயை முதலில் நிரப்புவது என்பதற்கே ஒரு வரிசை உண்டு. இதையெல்லாம் புத்தகத்தில் படித்தால் மட்டும் போதாது, கை பழக வேண்டும்.

வழி சிக்கலானது அல்ல. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். அதன்பின் டி.எம்.எல்.டி. என்ற இரண்டு ஆண்டு டிப்ளமோ இருக்கிறது. அல்லது பி.எஸ்சி. பட்டம், அதோடு நேரடிப் பயிற்சிக் காலம். வசதி இருந்தால் பட்டமே நல்லது, பிறகு எம்.எஸ்சி. படித்து நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் என்று ஒரு துறையில் தேறலாம். நம் புதுச்சேரியிலேயே ஜிப்மர் இருக்கிறது, அரசின் அன்னை தெரசா நிறுவனமும் இருக்கிறது. முதலில் அங்கே முயன்று பாருங்கள்.

இடம் கிடைக்காதவர்கள்தான் விளம்பரப் பலகையைப் பார்த்து ஏமாறுகிறார்கள். பணியில் இருந்த காலத்தில், வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் மேசையில் சில வருடம் இருந்தேன். ஒரு பெண் அப்பாவுடன் வந்திருந்தாள். பளபளக்கும் தாள், தங்க நிற முத்திரை, ஓராண்டுப் படிப்பு. விதியோ அரசு அங்கீகாரம் பெற்ற டிப்ளமோ வேண்டும் என்றது. நிராகரிப்பைத் தவிர கோப்பில் எழுத வேறொன்றும் இல்லை. "நிலத்தை அடமானம் வைத்துப் பணம் கட்டினோமே ஐயா" என்றார் அப்பா. அந்தப் பெண் தலையை நிமிர்த்தவே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். பணம் கட்டும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். அங்கீகாரம் தந்த அரசாணையின் எண், தேதி என்ன? சான்றிதழ் தருவது பல்கலைக்கழகமா, அரசுத் தேர்வு வாரியமா, அல்லது அவர்களேவா? நோயாளிகள் வந்து போகும் சொந்த மருத்துவமனை இருக்கிறதா? மாணவர்கள் வாரத்துக்கு எத்தனை நாள் சோதனைக்கூடத்தில் நிற்கிறார்கள்? கூச்சப்படாமல் எழுத்தில் கேளுங்கள். தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தத் தொழில் உள்ளிட்ட மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கென 2021-இல் மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்து தேசிய ஆணையம் ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறது. அதன்படி பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் தொழில் செய்யலாம். கண்ட இடத்தில் வாங்கிய சான்றிதழ் இனி இன்னும் பெரிய இடைஞ்சலாகும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தனியார் லேப்களில் தொடக்கச் சம்பளம் குறைவு. இரவுப் பணி உண்டு. ஊசி குத்திக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போடாமல் வேலையைத் தொடங்கவே கூடாது. ரத்தத்தைப் பார்த்தால் மயங்குகிற பிள்ளையையும், அவசரக்காரப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தாதீர்கள். பொறுமையும், யாரும் பார்க்காதபோதும் சரியாகச் செய்கிற குணமும் உள்ள பிள்ளைக்கு இது நல்ல வேலை. அப்படிப்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால், "இதுவாவது கிடைத்ததே" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்.