உயரமான பிள்ளைக்குக் கொஞ்சம் பொறுங்கள்

 

வலயமட்டப் போட்டிக்கு அணி எடுக்கும் நேரம். உயரமான பிள்ளையைக் கண்டால் உடனே வளையத்தடியில் நிறுத்துவோம். நாலு பந்து தவறினால் "வளர்த்தி மட்டும்தான்" என்று வெளியே விடுவோம். போன வருசம் ஒரு பிள்ளையை நானும் அப்படி விட்டேன். இப்போது கூனிக்கொண்டு நடக்கிறாள்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து அணிகள் வருசாவருசம் இளம் வீரர்களை முறைவைத்துத் தெரிவு செய்யும். 2015 இல் டலஸ் அணி 52ஆவது ஆளாகப் பஞ்சாப்பின் சத்னம் சிங்கை எடுத்தது. வயது 19, உயரம் 7 அடி 2 அங்குலம். என்.பி.ஏ.யில் ஓர் ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. வீண் தெரிவு என்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. 52ஆம் இடத்தில் இழக்க என்ன இருக்கிறது?

ஃபிலடெல்பியாவைப் பாருங்கள். 2013 முதல் 2015 வரை வருசத்துக்கு ஒரு நெட்டையர்: நோயல், எம்பீட், ஒகாபோர். மூவருக்கும் ஒரே இடம், வளையத்தடி. அது பிழைதான். 2017 முடியமுன் இருவர் வெளியே. ஆனால் காயத்தோடு வந்த எம்பீட்டுக்காக முழுசாக இரண்டு பருவம் காத்திருந்தார்கள். 2023 இல் தொடரின் மிகச் சிறந்த வீரர் அவர்தான்.

அவ்வளவு தூரம் ஏன்? நம்ம யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம், 6 அடி 10 அங்குலம். 2018 இல் இலங்கை வலைப்பந்து அணி ஆசியக் கிண்ணம் வென்றது அவரை வளையத்தடியில் வைத்துத்தான். பந்தை அந்த உயரத்துக்குப் போட மற்றப் பிள்ளைகளும் பழகவேண்டும். அதை நான் பழக்கவே இல்லை.

அந்தப் பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறேன். தகப்பன் ஓம் என்றுவிட்டார். அவள்தான் இன்னும் யோசிக்கிறாள்.