மருந்துச் செலவு யார் தலையில்?



கெடா மாநிலத்துத் தோட்டங்களில் காலங்காலமாக ஒரு பேச்சு உண்டு. "துரை நல்லவரு, ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனியே பார்த்துக்கிச்சு" என்பார்கள். நல்ல துரைக்கு நன்றி சொல்வது நம் பண்பு, அதில் குறையில்லை. ஆனால் மருத்துவச் செலவு துரை போடும் தருமம் அல்ல. ஒரு பகுதி சட்டம் கொடுத்தது. மறு பகுதி சங்கம் பேசி வாங்கியது. தருமம் என்று நினைப்பவன் கேட்கக் கூச்சப்படுவான். உரிமை என்று அறிந்தவன் நிமிர்ந்து நின்று கேட்பான். இந்தக் கூச்சத்தால் நம் ஜனங்கள் இழக்கும் பணம் கொஞ்சநஞ்சமல்ல.

முன்பு பெரிய தோட்டங்களில் ஆஸ்பத்திரி இருந்தது, டிரசர் இருந்தார். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ, லயத்திலிருந்து நடந்துபோய் மருந்து வாங்கி வந்துவிடலாம். ரசீது என்ற பேச்சே இல்லை. பிறகு தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. இன்றைக்கு வைத்தியம் என்றால் பலருக்கும் சுங்கை பட்டாணி, கூலிம், பாலிங் என்று டவுனுக்குத்தான் ஓட வேண்டியிருக்கிறது. சில நிர்வாகங்கள் பேனல் கிளினிக்குக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கின்றன. வேறு சில, "முதல்ல நீ கட்டு, ரசீது கொண்டா, பிறகு தர்றோம்" என்கின்றன.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மாதக் கடைசியில் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தால் என்ன செய்வது? கையில் காசு உள்ளவனுக்குத்தான் "பிறகு தர்றோம்" என்பது உதவி. இல்லாதவன் கடைக்காரரிடம் கடன் வாங்குவான். அதுவும் கிடைக்காவிட்டால் தைலத்தைத் தடவிவிட்டுப் படுக்கச் சொல்வான். கடன்பட்டுக் கட்டினாலும், ரசீது தொலைந்தால் பணம் போச்சு. வருஷ வரம்பு தாண்டினாலும் போச்சு. "அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதானே" என்பார்கள். அந்த ஒரு வெள்ளி வைத்தியத்துக்குப் போய்வரும் வண்டிச் செலவையும் அன்றைய நாள் சம்பளத்தையும் யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

ஆகவே நான் சொல்வது இது: தோட்டத் தொழிலாளிக்குச் சீட்டு முறையே தகும். "சீட்டு கொடுத்தால் பொய்க் காய்ச்சல் கூடிவிடும்" என்பது நிர்வாகங்கள் சொல்லும் வாதம். எம்.சி. எழுதுவது டாக்டர்தானே தவிர சீட்டு அல்ல! அந்த டாக்டரை நியமிப்பதும் கம்பெனிதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, நோய் விடுப்புக்காக முதலாளி நியமித்த டாக்டரிடம் காட்டும் பரிசோதனைச் செலவு முதலாளியுடையது. அந்த டாக்டர் நியாயமான நேரத்திலோ தூரத்திலோ கிடைக்காவிட்டால் வேறு பதிவு பெற்ற டாக்டரிடமும் காட்டலாம். 2 வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், 2 முதல் 5 வருஷத்துக்குள் 18 நாள், 5 வருஷமும் அதற்கு மேலும் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தால் 60 நாள். 2023 ஜனவரி 1 முதல் இந்த 60 நாள் தனிக் கணக்கு. ஒன்றை மறக்க வேண்டாம்: எம்.சி. எடுத்தால் 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அல்லது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அனுமதியின்றி வராத நாளாகிவிடும்.

குடும்பத்தாருக்கு வைத்தியம், மருந்தின் விலை, வருஷ வரம்பு இவையெல்லாம் பெரும்பாலும் கூட்டு ஒப்பந்தத்தையும் கம்பெனித் திட்டத்தையும் பொறுத்தவை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் இருந்தால், எழுதி வாங்கியும் பலனில்லை.

இதைவிடப் பெரிய நஷ்டம் இன்னொன்று. வேலையில் பட்ட காயத்தைச் சாதாரண நோய் என்று எழுத விடுவது! செம்பனைக் குலை காலில் விழுகிறது. முள் கண்ணில் குத்துகிறது. பால் வெட்டப் போனவரைப் பாம்பு தீண்டுகிறது. "வீட்டில் வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடு, வீண் வம்பு வேணாம்" என்று மண்டோர் சொல்கிறார், நாமும் தலையாட்டிவிடுகிறோம். கணக்குப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷமான ஒருவருக்குக் கால் முறிந்து 3 மாதம் எம்.சி. "வீட்டில் விழுந்தேன்" என்றால் மேலே சொன்ன விடுப்பு நாட்கள் தீர்ந்ததும் சம்பளம் நின்றுவிடும். வேலை விபத்து என்று பதிவானால் சொக்சோ பொறுப்பேற்கும். சொக்சோ பேனல் கிளினிக்கிலோ அரசாங்க ஆஸ்பத்திரியிலோ இலவச சிகிச்சை. எம்.சி. 4 நாளுக்குக் குறையாமல் இருந்தால், அது முடியும்வரை தினக்கூலிக் கணக்கில் 80 விழுக்காடு. உடலில் ஊனம் நிலைத்துவிட்டால் அதற்கும் தனி உதவித்தொகை. பொய் சொல்லிவிட்டு அப்புறம் உண்மையை நிரூபிப்பது லேசான காரியமல்ல.

வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேர்வழியில் நடக்கும் மோட்டார் சைக்கிள் விபத்தும் இதில் சேரும். விபத்து பற்றித் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் நிர்வாகம் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். "சொக்சோவுக்கு அறிவிச்சாச்சா?" என்று கேளுங்கள், நகல் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்து தெளிக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பாராகுவாட் 2020 ஜனவரி முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டது. மற்ற மருந்துகள் மட்டும் பன்னீரா? தலைசுற்றல், கண் எரிச்சல், நகம் கறுத்தல் என்று கிளினிக்குக்குப் போனால், என்ன மருந்து தெளித்தீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லி எழுத வையுங்கள். மருந்து டப்பாவின் பெயரைக் குறித்துக்கொண்டு போங்கள். எழுதாத நோய்க்கு இழப்பீடு கிடையாது.

"நாங்க கான்ட்ராக்ட் ஆளுங்க, எங்களுக்கு என்ன இருக்கு?" என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. 1969ஆம் ஆண்டு சொக்சோ சட்டப்படி, கான்ட்ராக்டர் மூலம் வந்த தொழிலாளிக்கும் சந்தா கட்டும் கடமை மூல முதலாளியைச் சாரும். பக்கத்து லயத்து வங்காளதேசி, இந்தோனேசியத் தோழர்களுக்கும் 2019 ஜனவரி முதல் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. அவர்கள் காயத்தை மறைத்தால், நாளை நம் காயத்தையும் மறைக்கச் சொல்வார்கள்.

தோழர்களே! ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வையுங்கள். எம்.சி. நகல், ரசீது, சம்பளச் சீட்டு எல்லாம் அதில் போகட்டும். அடுத்த கிளைக் கூட்டத்தில் செயலாளரை எழுப்பி, ஒப்பந்தத்தின் மருத்துவப் பகுதியைத் தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். சீட்டு முறை வேண்டும், குடும்பத்துக்கும் வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நாமோ அழ வேண்டாம், எழுத்தைக் காட்டிக் கேட்டால் போதும்.