வடக்கே போங்க... மேப் தானா வரும்!

படமே இல்லாத கம்ப்யூட்டர் கேம் விளையாடியிருக்கீங்களா? கிராஃபிக்ஸ் கிடையாது, துப்பாக்கிச் சத்தம் கிடையாது. கறுப்புத் திரையில் நாலு வரி இங்கிலீஷ், அவ்வளவுதான். ‘இது சந்தை வீதி. வடக்கே கோயில், கிழக்கே ரொட்டிக் கடை’ என்கிற ரேஞ்சில் இருக்கும். நார்த்துக்கு ‘என்’ என்ற ஒரே எழுத்தைத் தட்டி என்டர் அடித்தால், கோயில் வாசலில் நிற்பீர்கள். உலகத்தின் வேறு மூலையில் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கிற ஒருத்தரும் அதே வாசலில் நிற்பார். கையில் கத்தியோடு நின்றாலும் நிற்பார்!

இதுக்குப் பேர் ‘மட்’. 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா ஆரம்பித்தார், ரிச்சர்ட் பார்ட்டில் கூடச் சேர்ந்து வளர்த்தார். ரெண்டு பேருமே அப்போ ஸ்டூடன்ட்ஸ்தான். அந்த வம்சத்தில் வந்த ஆர்ட்வுல்ஃப், டிஸ்க்வேர்ல்டு, 1997-ல் வந்த அக்கேயா எல்லாம் இன்னிக்கும் ஓடிக்கிட்டிருக்கு. ஓசியிலேயே விளையாடலாம். ஹாஸ்டல்ல ஆமை வேக நெட் இருந்தாலும் போதும். வருவது எழுத்து மட்டும்தானே!

ஒரே தலைவலி, வழி. ஆயிரக்கணக்கான அறைகள். சண்டையில் உயிர் போகிற நேரத்தில் ‘கிழக்கே போனா ஆஸ்பத்திரியா, டிராகன் குகையா’ என்று யோசிச்சுக்கிட்டு நின்றால் கதை முடிந்தது. அந்தக் காலத்து ஆசாமிகள் நோட்டில் கட்டம் கட்டமாக வரைந்தார்கள். இப்போ நாம கையில் கொடுக்கப்போவது, நீங்க நடக்க நடக்கத் தானாக வரையும் மேப்.

தேவையானது ‘மட்லெட்’ என்கிற இலவச சாஃப்ட்வேர். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூணிலும் ஓடும். இன்ஸ்டால் பண்ணித் திறந்தால், பிரபலமான கேம்கள் லிஸ்ட்டிலேயே இருக்கும். இல்லாததுக்கு சர்வர் முகவரியும் போர்ட் நம்பரும் கொடுக்கணும். உள்ளே நுழைந்து ஒரு கேரக்டரை உருவாக்கிட்டு, மேலே இருக்கும் மேப் பட்டனைத் தட்டுங்க. காலியான ஒரு ஜன்னல் திறக்கும்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. மேப் எப்படி வருதுன்னு புரியாம பட்டனைத் தட்டுகிறவர்தான் அடுத்த நாளே ‘இது வேலைக்கு ஆகாது’ன்னு ஓடிப்போவார்.

மேப்பரைக் கண் தெரியாத ஒரு கிளார்க் என்று வச்சுக்கங்க. நீங்க தட்டும் திசையைக் குறித்துக்கொள்கிறார். கேமிலிருந்து வரும் வரிகளில் அறையின் பெயர், வாசல்களின் லிஸ்ட் ரெண்டையும் தேடுகிறார். கிடைத்தால் புதுசா ஒரு கட்டம் போட்டு, பழைய கட்டத்தோடு கோடு இழுக்கிறார். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பில் தூங்காதவர்களுக்கு இது புரிந்திருக்கும்: அறை என்பது நோட், வாசல் என்பது எட்ஜ். சாட்சாத் கிராஃப்!

அதனால் முதலில் கிளார்க்குக்கு வாசல் லிஸ்ட் தெரியணும். பழைய டிக்கு வகை கேம்களில் (1991-ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பிறந்த குடும்பம் இது) பல இடங்களில் ‘ஆட்டோஎக்ஸிட்’ என்று ஒரு கட்டளை உண்டு. அதை ஆன் பண்ணிடுங்க. அடுத்து ‘மேப் பேசிக்ஸ்’ என்று இங்கிலீஷில் டைப் பண்ணினால், மட்லெட்டோடு வரும் பொதுவான மேப்பர் தன்னைத் தானே விளக்கும். ‘ஃபைண்ட் ப்ராம்ப்ட்’ என்றால், உங்க உயிர், தெம்பு எல்லாம் காட்டுகிற அந்தக் கடைசி வரி எது என்று கண்டுபிடித்துக்கொள்ளும். பிறகு ‘ஸ்டார்ட் மேப்பிங்’ என்று தட்டி, பக்கத்திலேயே ஊர்ப் பெயரையும் கொடுங்க. நடக்க ஆரம்பிங்க.

இப்போ ஒரு பரீட்சை. ஊருக்குள்ளே தெருக்கள் சதுரமா இருக்கிற இடமா பார்த்து வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று ஒரு சுற்று வாங்க. மேப்பில் நாலு கட்டம் இருந்தால் ஜம்முனு வேலை செய்யுது. அஞ்சு இருந்தால் கிளார்க் ஏமாந்துட்டார். கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்தது அவருக்குத் தெரியலை.

ஏன் ஏமாறுகிறார்? முக்கியமான காரணம் உங்க வேகம். வடக்கு, வடக்கு, கிழக்கு என்று படபடவென அடிச்சிடுவீங்க. ரெண்டாவது வடக்கில் கதவு மூடியிருக்கும். ‘அந்தப் பக்கம் போக முடியாது’ என்று கேம் சொல்லும். கிளார்க்கோ நீங்க போயிட்டதா நினைச்சு, அடுத்து வருகிற அறையைத் தப்பான இடத்தில் ஒட்டிவிடுவார். அதுக்கப்புறம் ஒவ்வொரு கட்டமும் ஒரு அடி தள்ளித்தான் விழும். இதுக்கு மருந்து, ட்ரிகர். ‘போக முடியாது’ என்கிற வாசகம் வந்தால் ‘ஆன்மூவ்ஃபெயில்’ என்ற ஈவென்ட்டை எழுப்புகிற மாதிரி லுவா மொழியில் ஒரே ஒரு வரி எழுதணும். கேமுக்கு கேம் அந்த வாசகம் மாறும் என்பதால் இதை நீங்கதான் செய்யணும். இருட்டில் எதுவும் தெரியாமல் நடப்பது, யாராவது உங்களை வேறு அறைக்குத் தள்ளிவிடுவது... இதுக்கெல்லாமும் தனித்தனி ஈவென்ட் இருக்கு. சோம்பேறித்தனப்பட்டு இதை விட்டால், எங்கேயோ ஒரு காட்டில், ரத்தம் ஒழுக ஓடும்போது மேப் காட்டுகிற வாசல் அங்கே இருக்காது.

இன்னொரு காரணம் ரொம்பப் பழசு. 1970-களின் நடுவில் வில் க்ரவுதர் என்கிற அமெரிக்கர் எழுதின ‘கொலோசல் கேவ்’ என்ற எழுத்து விளையாட்டில் ஒரு புதிர்ப்பாதை. எல்லா அறைக்கும் ஒரே வர்ணனை. வடக்கே போய்த் தெற்கே திரும்பினால் கிளம்பின இடத்துக்கு வர மாட்டீங்க. (க்ரவுதர் நிஜத்திலேயே கென்டக்கி மாநிலத்தில் மாமத் குகையை அளந்தவர். அந்த அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வரைபடமாக்கியவர்!) ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒவ்வொரு அறையிலும் கையிலிருக்கும் ஒரு பொருளைக் கீழே போட்டுப் போனார்கள். விளக்கு கிடந்தால் இது முதல் அறை, சாவி கிடந்தால் ரெண்டாவது! ‘அடர்ந்த காடு’ என்ற பெயரிலேயே நாற்பது அறை இருக்கிற இடத்தில் இன்னிக்கும் உங்க மேப்பர் திணறத்தான் செய்யும். அங்கே ‘ஸ்டாப் மேப்பிங்’ போட்டுட்டு கைப்படப் பொருளைப் போடுங்க.

இந்தத் தொல்லையே வேணாம் என்றால் ஜிஎம்சிபி உள்ள கேமாகப் பாருங்க. அக்கேயா, ஆர்ட்வுல்ஃப் எல்லாம் அந்த ரகம். திரையில் தெரியும் எழுத்தோடு சேர்த்து, திரைக்குப் பின்னாடி அறையின் எண், ஏரியா, வாசல்கள் எல்லாம் தனியா வந்து சேரும். கிளார்க் ஊகிக்கவே வேண்டாம். எண் வேறு என்றால் அறை வேறு, ஒரே பெயர் ஆயிரம் இருந்தாலும்! புதுசா ஆரம்பிக்கிறவர்களுக்கு என் ஓட்டு இதுக்குத்தான்.

மேப் நிரம்பினதும் ஒரு குஷி இருக்கு. தூரத்து அறைமேல் டபுள் கிளிக் பண்ணினால் போதும், மட்லெட் ‘ஏ ஸ்டார்’ என்ற அல்காரிதத்தில் வழி கண்டுபிடித்து உங்களை நடத்திக்கொண்டு போகும். சிலபஸில் டைக்ஸ்ட்ரா படிச்சிருப்பீங்களே, அதோட தம்பி. ஆனா ஒண்ணு. நீங்க சாப்பிடப் போன நேரத்தில் கேரக்டர் தானா ஊர் சுற்றிக்கொண்டிருந்தால் பல கேம்களில் கல்தா கொடுத்துடுவாங்க. ‘ஹெல்ப்’ அடித்து அந்த கேமின் விதிகளைப் படிச்சுட்டு இறங்குங்க.

கடைசியா, புது ஏரியாவுக்குள் கால் வைக்கிறதுக்கு முன்னாடி மேப்பை ஒரு காப்பி சேவ் பண்ணி வச்சுக்கங்க. தப்பாப் போன நூறு கட்டத்தை ஒவ்வொண்ணா அழிக்கிறதைவிட, நேத்து மேப்பைத் திரும்ப ஏற்றுவது அஞ்சு செகண்ட் வேலை.