ஷாட் மீனுக்கு எத்தனை ஃபிளை வேண்டும்?



நியூ ஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் ஏப்ரல் பிறந்ததும் டெலவேர் ஆற்றுக்கு ஷாட் மீன் பிடிக்கப் போகிறார்கள். மகன் வீட்டில் இருந்த இரண்டு வருஷமும் நானும் கூடப் போனேன். அவர்கள் ஃபிளைப் பெட்டியைத் திறந்தால் வளையல் கடை மாதிரி இருக்கிறது. இத்தனை நிறம் வீண் என்பது என் கட்சி.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஃபிளை என்பது தூண்டில் முள்ளில் நூல், இறகு, சரிகை சுற்றிக் கட்டும் பொய்ப்பூச்சி. டிரவுட் மீனுக்கு அது நிஜப் பூச்சியைப் போலவே இருக்க வேண்டும். அது இரை தேடும் மீன். ஷாட் அப்படியல்ல. நம் உல்லத்துக்கு உறவான மீன். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆறேறி வருகிறது; வரும் வழியில் அநேகமாகச் சாப்பிடுவதில்லை. பிறகு ஏன் கவ்வுகிறது? எரிச்சல் என்கிறார் ஒருவர், பழக்கதோஷம் என்கிறார் இன்னொருவர். எதுவானாலும் பசியில்லாத மீனுக்குப் பூச்சியின் ஆறு காலையும் கட்டிக் காட்டி என்ன பயன்?

முக்கியம் ஆழம். ஷாட் பெரும்பாலும் ஆற்றின் அடியை ஒட்டி, நீரோட்டத்தின் தடத்தில் போகும். ஃபிளை அதன் மூக்குக்கு நேராகப் போக வேண்டும். தலைக்கு மேலே நாலடியில் போனால் தங்கத்தில் கட்டியிருந்தாலும் திரும்பிப் பார்க்காது. என் பக்கத்தில் நின்ற ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஐந்து நிறம் மாற்றினார். அவருடைய ஃபிளை ஒரு தடவையும் அடிக்குப் போகவில்லை.

நான் கட்டுவது இரண்டு நிறம், மூன்று எடை, அவ்வளவுதான். 6ஆம் எண் முள். உடம்புக்கு வெள்ளிச் சரிகை (அம்மாவின் கூறைப்புடவையை உருவ வேண்டாம், கறுத்துப்போகும்; கடையில் மைலார் கிடைக்கும்). வாலுக்குக் கொஞ்சம் வெள்ளை மயிர். கழுத்தில் பளிச்சென்ற சிவப்பு நூல் அல்லது எலுமிச்சைப் பச்சை. கண்ணுக்கு, பல்பு விளக்கில் தொங்குமே மணிச்சங்கிலி, அதில் இரண்டு மணி. ஓட்டம் அதிகமென்றால் அதற்குப் பதில் பித்தளைக் கண்; ஆழமில்லாத இடத்துக்குக் கண்ணே வேண்டாம். ஒவ்வொன்றிலும் நாலைந்து கட்டி வையுங்கள், பாறைக்குப் பலி போகும். மூழ்கும் லைன் போட்டு, ஆற்றுக்குக் குறுக்கே வீசி, இறங்க விட்டு, ஓட்டத்தோடு சுழன்று வர விடுங்கள்.

நிறமே வேண்டாம் என்று சொல்லவில்லை. மழைக்குப் பின் கலங்கிய தண்ணீரில், அந்தி வெளிச்சத்தில், அது உதவத்தான் செய்கிறது. ஆனால் ஆழமும் வேகமும் சரியான பிறகுதான்.

இன்னொன்று. முள்ளின் நுனிக்குப் பின்னால் இருக்கும் சிறு கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். ஷாட்டின் வாய் காகிதம் போல மெல்லியது, கிழிந்துவிடும். நீங்கள் பிடிக்கும் பெரிய மீன் பெரும்பாலும் சினை சுமக்கும் பெட்டை. ஒரு காலத்தில் பிலடெல்பியாவுக்குக் கீழே கழிவால் ஆக்ஸிஜன் இல்லாமல், இந்த மீன் ஆறேறவே முடியாமல் இருந்தது. 1972இல் தண்ணீர்ச் சட்டம் வந்து, ஆறு தெளிந்த பிறகுதான் நிலைமை மாறியது. முட்டையிட்ட பின் எல்லாமே செத்துவிடுவதும் இல்லை. வடக்கத்தி ஆறுகளில் சில கடலுக்குத் திரும்பி, அடுத்த வருஷம் மறுபடி வரும். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். படம் எடுக்க நிமிஷக்கணக்கில் தூக்கிப் பிடிக்காதீர்கள், தம்பிகளா.